கோரையை அறுத்துப் பார்த்தவர்கள்

நெல்வயலில் களையெடுக்கும் கைகளுக்குப் புல் வேறு, கோரை வேறு என்பது தெரியும். தண்டை இரு விரல்களுக்கிடையே உருட்டினால் போதும். புல்லின் தண்டு உருளும், கோரையின் தண்டு மூன்று விளிம்புகளில் இடறும். புல்லில் கணுக்கள் புடைத்திருக்கும், கணுவிடைகள் பெரும்பாலும் குழலாக இருக்கும். கோரையின் பூந்தண்டில் கணு தென்படாது, உள்ளே சோறு நிறைந்திருக்கும். புல்லின் இலைகள் இரு வரிசையிலும் கோரையின் இலைகள் மூன்று வரிசையிலும் அமைகின்றன. இவ்வளவும் வெறுங்கண்ணுக்கே புலப்படுபவை. சிக்கல் இதற்குப் பிறகே தொடங்குகிறது. சைபரேசி என்று அறிவியல் அழைக்கும் கோரைக் குடும்பத்தில் 5,500க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் உள்ளன. கையில் இருப்பது கோரை என்று தெரிந்த பிறகு, எந்தக் கோரை, அது எதற்கு உறவு என்ற கேள்விகளுக்கு விடை தேடி ஏறத்தாழ இருநூற்றெழுபது ஆண்டுகள் கழிந்துள்ளன. அத்தேடலில் ஒரு சாரார் பூவைப் பார்த்தார்கள். இன்னொரு சாரார் இலையையும் தண்டையும் சவரக்கத்தியால் குறுக்கே சீவி நுண்ணோக்கியின் கீழ் வைத்தார்கள். இரண்டாம் சாராரின் கதை அதிகம் சொல்லப்படாதது.

பூவைப் பார்த்தவர்களுக்கு நேர்ந்த இடர் எளிதில் விளங்கக்கூடியது. பூக்குந் தாவரங்களின் வகைப்பாடு பூவின் உறுப்புகளைச் சார்ந்தே வளர்ந்தது. கோரையோ பூவை ஏறக்குறைய துறந்துவிட்ட தாவரம். காற்றை நம்பி மகரந்தம் பரப்புவதால் அதற்கு நிறமும் மணமும் வேண்டியதில்லை. இதழ்கள் முட்களாகவோ மயிர்களாகவோ சுருங்கியிருக்கும், அல்லது அறவே இராது. ஒரு செதிலின் கக்கத்தில் பெரும்பாலும் மூன்று மகரந்தத்தாள்கள், ஒரு சூலகம், இரண்டாகவோ மூன்றாகவோ பிரியும் சூல்முடி, இறுதியில் ஒற்றை விதை கொண்ட சிறு கொட்டை. அவ்வளவே. ஆயிரக்கணக்கான சிற்றினங்களை இத்தனை குறைந்த உறுப்புகளைக் கொண்டு பிரிக்க வேண்டியிருந்தது.

1753இல் லின்னேயஸ் தம் 'ஸ்பீசீஸ் பிளாண்டாரம்' நூலில் சைப்பெரஸ், ஸ்கிர்ப்பஸ், ஷீனஸ், எரியோஃபோரம் ஆகியவற்றை மூன்று மகரந்தத்தாளும் ஒரு சூல்தண்டும் உடைய கூட்டத்தில் வைத்தார். ஆண்பூவும் பெண்பூவும் தனித்தனியாக இருப்பதால் கேரெக்ஸ் வேறு கூட்டத்திற்குப் போனது. எண்ணிக்கையை மட்டும் பார்க்கும் முறையில் ஒரே குடும்பத்தின் உறுப்பினர்கள் இவ்வாறு பிரிந்து கிடந்தனர். 1789இல் ஜுஸ்ஸியூ அவற்றை ஒரே குடும்பமாக்கினார்.

இக்கதையின் தொடக்கப் பக்கங்களில் தரங்கம்பாடிக்கு இடம் உண்டு. லின்னேயஸின் மாணவரான யோஹான் கெர்ஹார்ட் கோனிக் 1768இல் டேனியக் குடியேற்றமான அவ்வூருக்கு மருத்துவராக வந்து, சுற்றுவட்டாரச் செடிகளைச் சேகரித்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார். கோபன்ஹேகனில் இருந்த ரோட்போல் அவ்வாறு வந்த கோரைகளை ஆராய்ந்து 1773இல் படங்களுடன் ஒரு நூல் வெளியிட்டார். அதில் ஒரு கோரைக்குச் சைப்பெரஸ் பாங்கொரெய் என்று பெயர். இலத்தீன் உடையணிந்த அச்சொல்லின் பின்பாதி தமிழ்க் கோரையே. பாய் நெய்யப் பயன்படும் இனம் அது. பத்தமடைப் பாயின் மூலப்பொருள். சைப்பெரஸோடு நெருங்கிய கைலிங்கா என்னும் பேரினமும் அதே 1773ஆம் ஆண்டு நூலில்தான் நிறுவப்பட்டது. இவ்விரு பெயர்களும் இக்கட்டுரையின் இறுதியில் மீண்டும் வரும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பட்டியல் பெருகியது. சென்னையில் பணியாற்றிய ராபர்ட் வைட் சேகரித்த கோரைகளை ஜெர்மானியரான நீஸ் ஃபொன் எசன்பெக் விவரிக்க, அப்பகுதி 1834இல் வைட்டின் இந்தியத் தாவரவியல் நூலில் வெளிவந்தது. நூற்றாண்டின் பிற்பாதியில் இத்துறையின் பெரும்பெயர் சார்லஸ் பாரன் கிளார்க். கணிதம் பயின்று வங்காளக் கல்வித்துறைக்கு வந்து, பள்ளி ஆய்வாளராக ஊர் ஊராகச் சுற்றியபடியே செடி சேகரித்தவர். ஹூக்கரின் 'பிரிட்டிஷ் இந்தியாவின் தாவரங்கள்' ஆறாம் தொகுதியில் கோரைக் குடும்பத்தை எழுதியவர் அவரே. சூல்முடி இரண்டா மூன்றா, கொட்டை எந்தப் பக்கம் தட்டையானது, தட்டையான முகம் அச்சை நோக்கியுள்ளதா அல்லது விளிம்பு நோக்கியுள்ளதா, முதிர்ந்தபின் சிறுகதிர் முழுதாக உதிர்கிறதா செதில் செதிலாக உதிர்கிறதா என்பன போன்ற நுணுக்கங்களைக் கொண்டு பிக்ரியஸ், ஜன்செல்லஸ், மாரிஸ்கஸ், கைலிங்கா முதலியவற்றை அவர் பிரித்தார். கைவில்லை ஒன்றிருந்தால் எவரும் சரிபார்க்கக்கூடிய பண்புகள் இவை. இந்திய மாநிலங்களின் தாவரநூல்களில் உள்ள கோரைத் திறவுகோல்கள் இன்றும் பெரிதும் இவ்வழியிலேயே செல்கின்றன.

ஆனால் ஸ்கிர்ப்பஸ் என்ற பேரினம் தீராத தலைவலியாக இருந்தது. வேறெங்கும் அடங்காத கோரைகளையெல்லாம் போட்டுவைக்கும் பரணாக அது மாறியிருந்தது. இலையுள்ளவை, இலையற்றவை, ஆள் உயரம் வளர்பவை, விரலளவே நிற்பவை, உப்புச் சதுப்பில் கிழங்கு வைப்பவை, மலையுச்சியின் ஈரநிலத்தில் திட்டாய்ப் படர்பவை என எல்லாம் ஒரே பெயரின் கீழ் நெருக்கியடித்துக் கிடந்தன. பூவின் அமைப்பு அவற்றைப் பிரிக்க உதவவில்லை. பூவுக்கு வெளியே சான்று தேட வேண்டிய கட்டாயம் இங்கிருந்தே எழுந்தது.

தேடியவர்களில் முன்னவர் பிரெஞ்சுக்காரரான துய்வல்-ழூவ். வியப்பான ஒற்றுமை, இவரும் கல்வித்துறை ஆய்வாளரே. மோன்பெலியேவில் இருந்தபடி 1870களில் பிரான்சின் சைப்பெரஸ் இனங்களையும் பிறகு புற்களின் இலைகளையும் குறுக்கே வெட்டி ஆராய்ந்த அவர், திசுக்களின் அமைவைக் கொண்டு வகைப்படுத்தும் இம்முயற்சிக்கு 'ஹிஸ்டோடாக்சி' என்று தனிப்பெயரும் சூட்டினார். 1873இல் அவர் எழுதிய சிறு குறிப்பு ஒன்று கோரைகளுக்கே உரியதாகத் தோன்றும் ஒருவகைப் புறத்தோல் செல்களைப் பற்றியது. அச்செல்களின் அடிச்சுவரில் நுனி மேல்நோக்கிய கூம்புகளாகச் சிலிக்கா படிந்திருக்கும். இன்றும் ஓர் இலைத்துணுக்கு கோரையுடையதா என்று ஐயமின்றிச் சொல்ல உதவும் அடையாளங்களில் இக்கூம்புகளே முதன்மையானவை. செடி மக்கிய பின்னும் சிலிக்கா மண்ணில் தங்குவதால், அகழாய்வு மண்ணில் கோரையின் தடம் தேடும் தொல்தாவரவியலாரும் இதையே நாடுகின்றனர்.

வெட்டிய முகத்தில் அவர்கள் கண்டதை இங்கே சற்று நின்று பார்ப்பது தகும். சைப்பெரஸ் தண்டின் குறுக்குவெட்டு, முனை மழுங்கிய முக்கோணம். வெளியே ஒற்றை அடுக்குப் புறத்தோல். அதையொட்டி உள்ளே, குறிப்பிட்ட இடைவெளிகளில், தடித்த சுவருடைய ஸ்கிளிரென்கைமா இழைகள் கட்டடத்தின் தூண்கள்போல் நிற்கும். சிலிக்காக் கூம்புகள் பெரும்பாலும் இத்தூண்களின் தலைமேல் உள்ள புறத்தோல் செல்களிலேயே அமையும். தூண்களுக்கிடையில் பசுந்திசு. சிறிய வாஸ்குலார் கற்றைகள் ஓரமாகவும் பெரியவை உள்ளேயும் சிதறியிருக்கும். நடுவில் மென்மையான சோறும் காற்றறைகளும்; நீரில் நிற்கும் வேருக்கு மூச்சுப் போவது இவ்வறைகள் வழியே. வன்மை முழுவதும் விளிம்பிலும் மென்மை முழுவதும் நடுவிலுமாக அமைந்த இக்கட்டுமானத்தின் பொறியியலை ஷ்வெண்டனர் 1874இல் ஒருவித்திலைத் தாவரங்களுக்கென்றே எழுதிய நூலில் விளக்கினார். குறைந்த பொருளைக் கொண்டு வளைவைத் தாங்க வேண்டுமானால் வலுவான பகுதி நடுவிலிருந்து விலகி ஓரத்தில் இருக்க வேண்டும் என்பதே அதன் சாரம்.

தமிழிலக்கணம் படித்தவர்களுக்கு இங்கே தொல்காப்பிய மரபியல் நினைவுக்கு வருவது இயல்பு. வயிரம் வெளியே இருப்பதைப் புல் என்றும் உள்ளே இருப்பதை மரம் என்றும் பிரிக்கும் மரபு அதில் பதிவாகியுள்ளது. தென்னையும் மூங்கிலும் மரமல்ல, புல்லினம் என்ற முடிவு அதிலிருந்து கிடைக்கிறது. இதைக் காட்டித் தொல்காப்பியர் நுண்ணோக்கி அறிந்தவர் என்று முழங்கத் தேவையில்லை. தண்டை வெட்டி வேலை செய்தவர்களின் கையறிவு இலக்கணத்துக்குள் வந்து சேர்ந்திருக்கிறது. வெளியுருவைவிட வெட்டுமுகம் நம்பத்தக்க பிரிப்பைத் தரும் என்ற எண்ணம் பழையது என்பதே இதில் கவனிக்கத்தக்கது.

இலையின் வெட்டுமுகம் தண்டினதைவிட வளமானது. ஒவ்வொரு வாஸ்குலார் கற்றையையும் உறைகள் சூழ்ந்திருக்கும். வழக்கமான கோரையில் உறை இரண்டு: வெளியே மெல்லிய சுவருடைய பாரன்கைமா உறை, உள்ளே தடித்த சுவருடைய மெஸ்டோம் உறை. ஆனால் சில கோரைகளில் மெஸ்டோம் உறைக்கும் உட்புறத்தில், கற்றையை ஒட்டியபடி, பசுங்கணிகங்கள் செறிந்த இன்னொரு வளையம் பச்சையாய்த் தெரியும். கிராத்ஸ் நகரில் பேராசிரியராக இருந்த ஹாபர்லாண்ட் கற்றையைச் சூழ்ந்த இத்தகைய பசும் வளையங்களை 1880களின் தொடக்கத்தில் விவரித்து, ஜெர்மன் மொழியில் கிரான்ஸ் என்றார். தலையில் சூடும் மாலை வளையம் என்பது அச்சொல்லின் பொருள். அந்த மாலை எதற்காக என்று அன்று எவருக்கும் தெரியாது.

அதே கிராத்ஸில் பணியாற்றிய எடுவார்ட் பல்லா தம் இருபத்து நான்காம் வயதில், 1888இல், ஸ்கிர்ப்பஸ் என்னும் பரணை ஒழிக்கத் துணிந்தார். பசுந்திசுவின் அமைவையும் கற்றையுறைகளையும் சான்றாகக் கொண்டு அப்பேரினத்தை உடைத்தார். ஸ்கீனோப்ளெக்டஸ் தனிப் பேரினமாக நிற்பது அவ்வாண்டிலிருந்தே. இன்றைய தாவரநூல்கள் அதை ஏற்கின்றன. ஏழாண்டுகள் கழித்து, 1895இல், சுவிட்சர்லாந்தின் மார்ட்டின் ரிக்லி இன்னும் பெரிய அடி எடுத்து வைத்தார். உள்பாரன்கைமா உறையை மையமாக வைத்துக் கோரைகளை ஒப்பிட்ட நீண்ட ஆய்வு அவருடையது. பசும் உள்வளையம் உள்ளவை ஒரு பக்கம், இல்லாதவை மறுபக்கம் என்று அவர் கோடு கிழித்தார். அக்கோடு சைப்பெரஸ் பேரினத்தின் நடுவே ஓடியது. வளையமுள்ள சைப்பெரஸ்களைப் பிரித்தெடுத்துக் குளோரோசைப்பெரஸ் என்று பெயரிட்டார். அப்போது அவருக்கு வயது 27.

வகைப்பாட்டாளர்கள் பெரும்பாலோர் இதை ஏற்கவில்லை. அவர்கள் மறுப்பை வெறும் பிடிவாதம் என்று தள்ளிவிட முடியாது. வெளியே எந்த வேறுபாடும் காட்டாத இரண்டு கோரைகளை, வெட்டிப் பார்த்தால் மட்டுமே தெரியும் ஒரு வளையத்துக்காக இரு பேரினங்களில் வைத்தால், களத்தில் நிற்பவர் என்ன செய்வார்? பழைய உலர்தாவரத் தாளில் ஒட்டியிருக்கும் ஒரே இலையை அறுக்க எந்தக் காப்பாளர் இசைவார்? அதைவிட ஆழமான மறுப்பும் இருந்தது. ஒற்றைப் பண்பின்மேல் கட்டிய வகைப்பாடு லின்னேயஸின் மகரந்தத்தாள் எண்ணிக்கை முறையைவிட எவ்வகையில் மேலானது? கோரைகளைப் பற்றி இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் மிக விரிவாக எழுதிய கூக்கந்தால் என்னும் ஜெர்மானியப் போதகர், 1935, 1936ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட பெருநூலில் சைப்பெரஸைப் பரந்த பேரினமாகவே வைத்துக்கொண்டார். கைலிங்காவும் பிக்ரியஸும் அதன் துணைப் பேரினங்களாயின. குளோரோசைப்பெரஸ் மெல்ல வழக்கொழிந்தது. மறுத்தவர்கள் கேட்ட கேள்விகள் சரியானவை. அந்த வளையம் ஏன் இருக்கிறது என்ற கேள்வியை மட்டும் அவர்கள் கேட்கவில்லை; அதுவே பிழை.

உள்ளமைப்பியல் அதற்குப் பிறகும் உயிரோடிருந்ததற்குக் கியூ தாவரத் தோட்டத்தின் ஜோட்ரெல் ஆய்வகம் முக்கியக் காரணம். 1930 முதல் 1969 வரை அதை நடத்திய சி. ஆர். மெட்காஃப் ரிக்லியைப் போன்ற துணிச்சல்காரர் அல்லர், பொறுமைசாலி. உலகெங்கிலுமிருந்து வந்த இலைகளையும் தண்டுகளையும் வெட்டி, ஒரே ஒழுங்கில் விவரித்துக்கொண்டே போனவர். உலர்ந்த இலையை நீரில் கொதிக்கவைத்தால் திசு மீண்டும் விரியும் என்பதால் நூறாண்டுப் பழைய தாளும் அவருக்குப் பயன்பட்டது. வெட்டும் இடம் மாறினால் படமும் மாறிவிடும். அடியுறைக்கு அருகில் வெட்டிய இலையும் நுனியில் வெட்டிய இலையும் வேறு இனங்கள்போல் தோன்றும். ஆகவே இலையின் நடுப்பகுதி, தண்டின் நடுப்பகுதி என்று இடத்தை நிலைப்படுத்திக்கொள்வது இவ்வாய்வில் அடிப்படை ஒழுங்கு. 1969இல் அமெரிக்கத் தாவரவியல் இதழில் வந்த அவரது கட்டுரை, கோரைக் குடும்ப வகைப்பாட்டுக்கு உள்ளமைப்பியல் ஒரு துணை என்ற அளவிலேயே உரிமை கோரியது. 1971இல் ஒருவித்திலைத் தாவர உள்ளமைப்பு வரிசையின் ஐந்தாம் தொகுதியாக அவரது கோரை நூல் வெளிவந்தது. 'துணை' என்ற அச்சொல்லில் ரிக்லியின் தோல்வியிலிருந்து கற்ற பாடம் இருக்கிறது.

இதே ஆண்டுகளில் சென்னை மாநிலக் கல்லூரியில் ஈ. கோவிந்தராஜுலு தென்னிந்தியக் கோரைகளைப் பேரினம் பேரினமாக வெட்டி ஆராய்ந்துகொண்டிருந்தார். லண்டன் லின்னேயன் கழக இதழில் 1966இல் புல்போஸ்டைலிஸுடன் அவ்வரிசை தொடங்கியது. 1969இல் ஃபியூரினா, 1975இல் எலியோகாரிஸ், ரிங்கோஸ்போரா, ஸ்கிளீரியா என அது நீண்டது. ரிங்கோஸ்போரா இலைகளில் அதுவரை விவரிக்கப்படாத சிலிக்காப் படிவ வகைகளை அவர் 1969இல் பதிவு செய்தார். எலியோகாரிஸைப் பற்றி எழுதுபவர் இலையை நம்பி எழுத முடியாது, ஏனெனில் அப்பேரினத்தில் இலை வெறும் உறையாகச் சுருங்கிவிட்டது. ஒளிச்சேர்க்கை முழுவதும் தண்டின் வேலை. ஒரே குடும்பத்துக்குள் ஓரிடத்தில் இலையையும் இன்னோரிடத்தில் தண்டையும் ஒப்பிட வேண்டிய இக்கட்டு கோரை ஆய்வுக்கே உரியது. ஏட்டில் இவ்வளவு இருந்தும், இந்தியாவில் எழுதப்பட்ட தாவரநூல்களின் திறவுகோல்களுக்குள் இவ்வுள்ளமைப்புப் பண்புகள் பெரிதாக நுழையவில்லை. உள்ளமைப்பியல் கட்டுரை ஒரு பக்கமும் தாவரநூல் இன்னொரு பக்கமுமாகவே நின்றன. திறவுகோல் எழுதுவோருக்குக் கைவில்லை போதுமென்ற எண்ணம் இங்கும் கூக்கந்தால் காலத்ததே.

மாலையின் பொருள் விளங்கியது வேறொரு செடியிலிருந்து. 1966இல் ஆஸ்திரேலியாவில் ஹேட்ச், ஸ்லாக் இருவரும் கரும்பு இலையில் கரியமிலவாயு முதலில் நான்கு கார்பன் கொண்ட அமிலமாகவே கட்டப்படுகிறது என்று நிறுவினர். அவ்வமிலம் உள்ளே கடத்தப்பட்டு, கற்றையைச் சூழ்ந்த பசும் செல்களில் வாயுவை மீண்டும் விடுவிக்கிறது. அங்கே வாயு செறிவதால் வீணாகும் ஒளிச்சுவாசம் குறைகிறது. வெயிலிலும் வெப்பத்திலும் இச்செடிகள் முந்துவதற்கு இதுவே காரணம். சி4 எனப்படும் இவ்வழிமுறையும் கிரான்ஸ் உள்ளமைப்பும் சேர்ந்தே வருகின்றன என்பது அப்பத்தாண்டு முடிவதற்குள் தெளிவாகிவிட்டது. எழுபது ஆண்டுகளுக்கு முன் ரிக்லி கிழித்த கோடு, இரண்டு வேறு வளர்சிதைமாற்றங்களுக்கு இடையிலான எல்லை. அவர் கண்டது வெறும் அலங்கார வளையம் அன்று.

1972இல் பாரிஸில் லெர்மனும் ழான் ரேனாலும் இதற்கு இன்னொரு சாவி கொடுத்தனர். சி4 தாவரங்கள் கனமான கார்பன்-13 ஐசோடோப்பை மற்றவற்றைவிடக் குறைவாகவே ஒதுக்குகின்றன. அளவையில் வழக்கமான தாவரங்கள் ஆயிரத்துக்கு −27 அளவிலும் சி4 தாவரங்கள் −13 அளவிலும் நிற்கும். இதை அளக்க உலர்தாவரத் தாளிலிருந்து ஒரு துணுக்கு போதும். பழைய தாள்களை அறுக்கலாமா என்ற சண்டைக்கும் ஓரளவு முடிவு வந்தது. ரேனால் அடுத்த ஆண்டே சைப்பெரஸ் கூட்டத்தின் வகைப்பாட்டில் இப்பண்புக்கு உரிய இடம் தந்து எழுதினார். நெல்வயலின் பொதுக்களைகளான சைப்பெரஸ் டிஃபார்மிஸும் சைப்பெரஸ் ஐரியாவும் ஒரே சேற்றில் அருகருகே நிற்பவை. முன்னது மாலையற்றது, பின்னது மாலையுடையது. களையெடுப்பவர் கண்ணுக்கு இரண்டும் கோரை. கோரைக்கிழங்கு எனப்படும் சைப்பெரஸ் ரொட்டுண்டஸ் மாலையுடைய கூட்டத்தைச் சேர்ந்தது. கோடை வெயிலில் அது அடங்காமல் பரவுவதன் காரணங்களில் அவ்வளையமும் ஒன்று.

ரிக்லி வென்றுவிட்டார் என்று இங்கேயே கதையை முடித்துவிடலாம். ஆனால் உள்ளமைப்பியலாரே அவ்வெற்றியைக் குலைத்தனர். மாலைகள் எல்லாம் ஒன்றுபோல் இல்லை என்பது கூர்ந்து பார்த்தபோது தெரிந்தது. சைப்பெரஸில் பசும் வளையத்துக்கு வெளியே மெஸ்டோம் உறை மட்டுமே உண்டு. ஃபிம்பிரிஸ்டைலிஸில் அதற்கும் வெளியே இன்னொரு பாரன்கைமா உறை, ஆக மூன்று. எலியோகாரிஸிலும் உறை மூன்று. ஆனால் அமிலத்தை உடைக்கும் நொதி வேறு. ரிங்கோஸ்போராவில் மெஸ்டோம் உறை இருக்கவேண்டிய இடத்திலேயே பசும் செல்கள் அமர்ந்திருக்கின்றன. தனி வளையம் இல்லை. ஒரே வேலையைச் செய்ய நான்கு ஏற்பாடுகள். ஒரு மூதாதையிடமிருந்து வந்த சொத்தாக இருந்தால் இத்தனை விதமாக ஏன் இருக்க வேண்டும்? மெஸ்டோம் உறையின் தடித்த சுவருக்கு உட்புறம் பசும் செல்கள் ஒளிந்திருக்கும் கோரையின் முறை, செயல் நோக்கில் பார்த்தால் வசதியற்றதும்கூட. இலையிடைத் திசுவிலிருந்து வரும் அமிலம் அச்சுவரைத் தாண்டியே உள்ளே சேர வேண்டும். இருந்த கட்டடத்துக்குள் புதிதாக ஓர் அறை கட்டியதன் அடையாளம் அது.

ஜப்பானில் ஊவெனோவும் உடனாய்வாளர்களும் 1988இல் வெளியிட்ட முடிவு இன்னும் கலக்கமூட்டுவது. எலியோகாரிஸ் விவிப்பாரா என்ற வட அமெரிக்கச் சதுப்புக் கோரை நிலத்தில் வளரும்போது மாலையோடு கூடிய சி4 தண்டுகளை விடுகிறது. நீரில் மூழ்கி வளரும்போது விடும் தண்டுகளில் கிரான்ஸ் அமைப்பு வளர்வதில்லை, அவை சி3 முறையில் இயங்குகின்றன. ரிக்லியின் கோடு இங்கே ஒரே செடியின் ஊடாக ஓடுகிறது. கூக்கந்தால் இருந்திருந்தால் சிரித்திருப்பார்.

மொழியியலில் இதற்கு நேரான படிப்பினை ஒன்று உண்டு. 1856இல் கால்டுவெல் திராவிட மொழிகள் தனிக்குடும்பம் என்று நிறுவியபோது ஒலியிணைகளையும் வேர்ச்சொற்களையும் ஒப்பிட்டார். அப்பகுதி நிலைத்து நிற்கிறது. அதே நூலில், ஒட்டுநிலை அமைப்பு முதலிய ஒற்றுமைகளை வைத்து இக்குடும்பத்தைத் துருக்கி, பின்னிய மொழிகளை உள்ளடக்கிய 'சித்திய' கூட்டத்தோடு உறவுபடுத்தினார், அது நிலைக்கவில்லை. ஒட்டுநிலை ஒரு வேலைமுறை. வெவ்வேறு மொழிகள் தனித்தனியே அதை வந்தடையலாம். வேலைமுறை ஒற்றுமையும் வழிவழி உறவும் வேறு வேறு என்பதை அறிய மொழியியலுக்கு ஒழுங்கான ஒலிமாற்ற விதிகள் கிடைத்ததுபோல் தாவரவியலுக்கு மரபணு கிடைத்தது.

1990களின் இறுதியில் முவாஸ்யாவும் பிறரும் பசுங்கணிக மரபணுக்களை வரிசைப்படுத்திக் கோரைகளின் கிளைமரத்தை வரையத் தொடங்கினர். சி4 இக்குடும்பத்தில் குறைந்தது ஐந்து முறை தனித்தனியே தோன்றியுள்ளது என்று 2009இல் பெனார்டும் குழுவினரும் காட்டினர். ஏறத்தாழ 2,000 சிற்றினங்கள் கொண்ட கேரெக்ஸ் ஒருமுறைகூட அதைத் தொடவில்லை. ஆக, குடும்பம் முழுவதற்கும் பார்த்தால் ரிக்லியின் இருகூறுப் பிரிப்பு தவறு. ஆனால் சைப்பெரஸுக்குள் நிலைமை வேறு. லாரிடானும் உடனாய்வாளர்களும் 2011 முதல் வெளியிட்ட ஆய்வுகளின்படி சைப்பெரஸின் மாலையுடைய இனங்கள் அனைத்தும் ஒரே கிளை. ஒரே ஒரு முறை தோன்றியவை. மாலையற்றவை அக்கிளைக்கு வெளியே பல கிளைகளாகப் பரவி நிற்பவை. குளோரோசைப்பெரஸ் என்று ரிக்லி பிரித்தது உண்மையான உறவுக் கூட்டத்தையே.

அவருக்கு அதன் பயன் கிடைக்கவில்லை என்பதில் ஒரு விதிமுறைக் குறும்பு உண்டு. பெயரிடல் விதிப்படி ஒரு பேரினத்தின் பெயர் அதன் வகைமாதிரி இனத்தோடு போகும். சைப்பெரஸின் வகைமாதிரி சைப்பெரஸ் எஸ்குலெண்டஸ், அது மாலையுடையது. ஆகவே மாலையுள்ள கூட்டமே சைப்பெரஸ் என்ற பெயருக்கு உரியது, குளோரோசைப்பெரஸ் என்ற பெயருக்கு வேலை இல்லை. இரண்டும் இன்று தனிப் பேரினங்களாகவும் நிற்கவில்லை. மாலையுள்ளவை சைப்பெரஸ் துணைப் பேரினம், மாலையற்றவை அனோஸ்போரம் துணைப் பேரினம் என்று ஒரே குடைக்குள் வைக்கப்பட்டுள்ளன. ஒன்றுக்குள் இன்னொன்று கிளைத்திருக்கும்போது வெளிக்கூட்டத்தைத் தனிப் பேரினமாக்கினால் அது முழுமையான கிளையாகாது என்பதே காரணம். ஏறத்தாழ 950 சிற்றினங்களோடு சைப்பெரஸ் இப்போது கூக்கந்தாலின் பரந்த பேரினத்தையும் விஞ்சியது. 2021இல் நூற்றுக்கணக்கான மரபணுக்களை ஒப்பிட்டு வெளியான குடும்ப வகைப்பாடு கோரைகளை 2 துணைக்குடும்பங்கள், 24 இனக்குழுக்கள், 95 பேரினங்கள் என்று ஒழுங்குபடுத்துகிறது.

மரபணு வந்துவிட்ட பிறகு இலையை எதற்கு வெட்ட வேண்டும் என்று மாணவர்கள் கேட்பதுண்டு. மரபணுவின் கிளைமரம் எது எதற்கு உறவு என்று சொல்லும். ஒவ்வொரு கிளையிலும் என்ன நடந்தது என்பதை அம்மரம் சொல்லாது. சி4 ஐந்து முறை தோன்றியது என்ற வாக்கியத்துக்குப் பொருள் தருவது நான்குவிதமான உறைகளைப் பொறுமையாகப் படம் வரைந்தவர்களின் உழைப்பே. பூக்காத கோரை, பாயில் நெய்யப்பட்ட கோரை, கால்நடையின் இரைப்பையிலிருந்து எடுத்த இலைத்துணுக்கு, மண்ணடுக்கில் எஞ்சிய சிலிக்கா ஆகியவற்றை அடையாளம் காணும் வழியும் அதுவே. கருவியும் பெரிதன்று. கேரட் துண்டின் பிளவில் இலையைச் செருகிச் சவரக்கத்தியால் சீவி, சாஃப்ரனின் சாயமிட்டுப் பார்க்கும் கல்லூரிச் செய்முறை போதும். கற்றைக்குள் பச்சை வளையம் உண்டா என்று பார்க்கச் சாயம்கூட வேண்டாம், புதிய இலையாக இருந்தால் சரி.

ரோட்போல் 1773இல் நிறுவிய கைலிங்கா, கிளார்க் கையில் பேரினமாகவும், கூக்கந்தால் கையில் துணைப் பேரினமாகவும், கோவிந்தராஜுலுவின் கட்டுரையில் சைப்பெரஸின் துணைப் பேரினமாகவும், பிறகு வந்த பல தாவரநூல்களில் மீண்டும் தனிப் பேரினமாகவும் இருந்துவிட்டு, இப்போது மாலையுடைய கிளையின் ஒரு சிறு கொம்பாகச் சைப்பெரஸுக்குள் திரும்பியிருக்கிறது. அதே நூலில் அதே ஆண்டில் பெயர்பெற்ற சைப்பெரஸ் பாங்கொரெய் மட்டும், இருநூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்னும், ரோட்போல் இட்ட பெயரிலேயே இருக்கிறது.